மேலே ஒன்றுமில்லை

நம் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சின்னவர்களுக்குச் சொன்னால், "மரநாயா? அதுக்கு ஆக்கள் இருக்கினம், போன் பண்ணினால் கூட்டோட வருவினம்" என்று ஒரே வசனத்தில் கதையை முடித்துவிடுவார்கள். போன மாதம் வெள்ளவத்தையில் நான் இருக்கும் தொடர்மாடியில் அப்படித்தான் நடந்தது. மேல்மாடிக்காரரின் சீலிங்குக்குள் ஏதோ ஓடுகிறதாம், பிள்ளைகள் பயப்படுகிறார்களாம். வட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் எழுதினார்: "அது வெளியே போகும் நேரம் பார்த்து ஓட்டையை அடைத்துவிடுங்கள், அவ்வளவுதான்." எல்லோரும் அதற்குக் கட்டைவிரல் காட்டினார்கள். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, "அடைக்க முதல் உள்ளே குட்டி இருக்கா எண்டு பாருங்கோ" என்று அனுப்பினேன். அதற்கு ஒருத்தர்கூடக் கட்டைவிரல் காட்டவில்லை. கிழவிக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்திருப்பார்கள். போகட்டும், நீங்கள் கேளுங்கள்.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். மாதா கோயில் மணியும் துறைமுகத்துக் கப்பல் சங்கும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு கேட்கும் தெரு. ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசையில் எங்களுடையது கடைசி வீடு. மேலே ஓடு, அதற்குக் கீழே பச்சைப் பெயின்ற் அடித்த பலகைச் சீலிங். பின்வளவில் ஒரு ஜம்பு மரம் நின்றது. அதன் கொப்பு ஒன்று எங்கள் கூரையில் சாய்ந்தே வளர்ந்திருந்தது. காற்றடித்தால் ஜம்புக்காய் ஓட்டில் விழுந்து உருண்டு மழைத்தண்ணிப் பீலிக்குள் போகும். அந்தச் சத்தத்துக்கு நாங்கள் பழகியிருந்தோம்.

வீட்டில் நாலு பேர். அப்பா புதுக்கடையில் வழக்குப் பேசும் ஒரு அப்புக்காத்தரிடம் கிளாக்கர். நாள் முழுக்கக் கோட்டில் சாட்சி விசாரணை கேட்டுக் கேட்டு, வீட்டிலும் "ஆர் கண்டது? எப்ப கண்டது?" என்றுதான் கதைப்பார். கறிக்கு உப்புக் கூட என்றால் அதற்கும் ஒரு சாட்சி வேண்டும் மனுஷனுக்கு. மாமி அப்பாவின் அக்கா, கலியாணம் செய்யாதவர். வீட்டுத் திறப்புகள் எல்லாம் அவருடைய இடுப்பில்தான் தொங்கும். நான் நாலாம் வகுப்பு. அம்மா கட்டிலில்.

அம்மா நோயாளி இல்லை, வயிற்றில் பிள்ளை. டொக்டர் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். ஏனென்றால் எனக்குப் பிறகு பிறந்த இரண்டு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வரவில்லை. இரண்டும் உயிரில்லாமல் பிறந்தவை. "பார்த்தால் அவவுக்கு மனம் தாங்காது" என்று அப்பாவும் மாமியும் முடிவெடுத்து, அம்மாவுக்கு முகம் காட்டாமலே கொண்டுபோய் மாதம்பிட்டிச் சேமக்காலையில் புதைத்துவிட்டு வந்தார்கள். வருஷா வருஷம் ஆத்துமாக்கள் திருநாளுக்கு ஊரே மெழுகுதிரியோடு கல்லறைகளுக்குப் போகும். எங்கள் வீட்டில் அப்பாவும் மாமியும் மட்டும் போவார்கள், அம்மாவைக் கூட்டிப் போகமாட்டார்கள். அதுவும் அவவின் நன்மைக்குத்தானாம். அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் அம்மா தன் கையால் தைத்த இரண்டு சின்னச் சட்டைகள் இருந்தன. நான் ஒருநாள் திறந்து பார்த்ததற்கு மாமியிடம் குட்டு வாங்கினேன்.

ஆகவே, அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லோருமே நுனிக்காலில் நடந்தோம். கதவு அடித்துச் சாத்தக் கூடாது. றேடியோவில் மரண அறிவித்தல் வந்தால் மாமி ஓடிப்போய் மூடுவார். என்னுடைய இருமலுக்குக்கூட அப்பா திரும்பிப் பார்ப்பார்.

முதலில் வந்தது மணம்தான். ஒரு பின்னேரம் அம்மாவின் அறையில் ரம்பை வாசம் அடித்தது. சோற்றுக்கும் கறிக்கும் போடுவோமே, அதே ரம்பை. அடுப்பில் ஒன்றும் இல்லை. மாமி என்னைப் பிடித்து, "ரம்பையைப் பிடுங்கிக் கட்டிலுக்குக் கீழை ஒளிச்சியோ?" என்று விசாரித்தார். அடுத்த நாளும் அதே நேரத்துக்கு அதே வாசம். இப்போது மாமிக்கு முகம் மாறிவிட்டது. பாம்பு கொட்டாவி விட்டால் இப்படி ஏதோ மணக்கும் என்று ஆரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. உடனே தீர்த்தப் போத்தலை எடுத்து, வெள்ளைத்துணி சுற்றிய தும்புத்தடியால் சீலிங் முழுக்கத் தெளித்தார். பாதித் தீர்த்தம் அம்மாவின் முகத்தில் விழுந்தது. அம்மா சிரித்தா. அதுதான் அந்த மாதத்தில் நான் கண்ட கடைசிச் சிரிப்பு.

பக்கத்து முஸ்லிம் வீட்டு ராத்தாதான் விஷயத்தைக் கண்டுபிடித்தா. அவ புறக்கோட்டையில் சாறன் கடை வைத்திருந்த நானாவின் பெண்சாதி. அம்மாவுக்கென்று வட்டிலாப்பம் கொண்டு வந்தவ, வாசலில் நின்றே மூக்கைச் சுருக்கினா.

"இது மரநாய் புள்ள. எங்கட உம்மாட வீட்டிலயும் ஈந்திச்சி. இங்கிலீஸ்காரங்க போல்கேட் எண்டு செல்லுவாங்க. ஜம்பு திங்க வந்து மேல குடி ஏறி ஈக்கி. ஆளுக்கு ஒண்டும் செய்யாது. ஆனா சீலிங்க நாறடிச்சிடும்."

அவ சொன்ன மாதிரியே ஆனது. பொழுதுபடுகிற நேரம் மேலே பாரமான ஏதோ ஒன்று மெதுவாக நடக்கும். எலி ஓடும், பூனை பாயும். இது ஆள் மாதிரி நடந்தது. அம்மாவின் கட்டிலுக்கு நேர்மேலே வந்து நிற்கும். நுளம்பு வலையில் தூசி கொட்டும். பலகை இடுக்கில் ஒரு மஞ்சள் ஈரம் ஊறி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அகன்றது. அம்மா மல்லாந்து படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பா. வேறு எங்கே பார்ப்பது, பாவம்?

வைத்தியம் எல்லாம் நடந்தது. அப்பா குடைக் காம்பால் இடித்துப் பார்த்தார். மேலே நடை ஒரு நிமிஷம் நின்றது, குடைதான் வளைந்தது. மாமி பூச்சி உருண்டைகளைத் துணியில் முடிந்து தொங்கவிட்டார். அந்த மணத்துக்கு அம்மாவுக்குத்தான் ஓங்காளித்தது. நானா, "நஞ்சு வெச்சா ஒரே நாள்ல வேல முடிஞ்சிடும்" என்று மதில் மேலால் சொன்னார். மாமி காதைப் பொத்தினார்.

"பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டிலை உயிரைக் கொல்லுறதோ? அதுவும் பிள்ளையின்ரை தகப்பன்? அந்தப் பாவம் எங்கை போய் விடியும் தெரியுமோ?"

இது நமக்கெல்லாம் தெரிந்த கட்டுப்பாடுதானே. மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருந்தால் புருஷன் பாம்பைக்கூட அடிக்கமாட்டான். மாதா கோயிலுக்குப் போகிற நாங்கள், சைவக்காரர், எதிர்வீட்டுச் சிங்களவர், எல்லோருக்கும் அதில் ஒரே பயம். அப்பாவும் அதற்குமேல் நஞ்சுக் கதை எடுக்கவில்லை. ஆனால் கோட்டில் வேலை செய்கிற ஆள், சட்டத்துக்குள் ஒரு சந்து கண்டுபிடிக்காமல் விடுவாரா?

"கொல்லுறதுதானே பிழை? அது வெளியிலை போன நேரம் வழியை அடைச்சால் அது வேறை இடம் பார்க்கும். நான் ஒருத்தரையும் கொல்லேல்லை. கதவைத்தான் சாத்துறன்."

மாமிக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒரு பொழுதுபடுகிற நேரம், கொப்பு வழியாக அது இறங்கிப் போவதை அப்பா பின்வளவில் நின்று கண்டார். நானும் கண்டேன். கறுத்த முகம், நீண்ட வால், ஒரு அவசரமும் இல்லாத நடை. அப்பா ஏணி வைத்து ஏறினார். நழுவியிருந்த ஓடுகளைச் சேர்த்து, கீழே ஒரு தகரத்தைக் கொடுத்து அடைத்தார். ஆணி அடிக்கப் போனவரை மாமி கீழே நின்று தடுத்தார், பிள்ளைத்தாச்சி வீட்டில் ஆணியும் அடிக்கக் கூடாதாம். அதனால் கம்பியால் முறுக்கிக் கட்டினார். கொப்பையும் வெட்டினார். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் போய், "போயிட்டுது. இனி மேலை ஒண்டுமில்லை. நிம்மதியாப் படும்" என்றார். அம்மா அவருடைய கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டா.

அடுத்த நாள் காலமை அப்பா பின்விறாந்தையில் சவரம் செய்துகொண்டிருந்தார். நான் தேத்தண்ணியோடு பக்கத்தில் நின்றேன். அப்போதுதான் முதல் சத்தம் வந்தது. மெல்லிய, உடைந்த சத்தம். பச்சைப்பிள்ளை ஒன்று தலைகாணிக்குள் முகத்தை வைத்து அழுகிற மாதிரி. அப்பாவின் கத்தி கன்னத்தில் அப்படியே நின்றது. குசினி வாசலுக்கு மாமி வந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வை அப்போது எனக்கு விளங்கவில்லை. தாயை வெளியே விட்டு, குட்டிகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டோம் என்று இருவருக்கும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

அறையில் இருந்து அம்மா கூப்பிட்டா.

"இஞ்சாருங்கோ. மேலை பிள்ளை அழுகிற சத்தம் கேக்குது."

அப்பா உள்ளே போனார். ஒரு பக்கக் கன்னத்தில் சவர்க்கார நுரை. "எனக்கொண்டும் கேக்கேல்லையே" என்றார்.

அந்த ஒரு பொய்யோடு மனுஷன் மாட்டிக்கொண்டார். உடனே ஏணியை வைத்துத் திறந்திருக்கலாம். திறந்தால், வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண்சாதியின் தலைக்கு மேலே, தாயையும் குட்டியையும் பிரித்துப் பூட்டியவர் தான்தான் என்று சொல்ல வேண்டிவரும். ஏற்கெனவே இரண்டைப் பறிகொடுத்தவ. மூன்றாவதுக்கும் இது கெட்ட குறி என்று அவவின் மனம் விழுந்துவிட்டால்? அதற்குப் பயந்துதான் அப்பா வாயை மூடினார். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும் என்றும் நினைத்திருப்பார். அடங்கினால் அதற்கு என்ன அர்த்தம் என்று நினைக்க அவருக்குத் துணிவில்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

சத்தம் அடங்கவில்லை. கொஞ்சம் விடும், பிறகு தொடங்கும். அப்பா கோட்டுக்குப் போகும் முன் மாமியோடு குசுகுசுத்தார். மாமி மதிலடிக்குப் போய் ராத்தாவோடு குசுகுசுத்தார். ராத்தா வந்து அம்மாவின் கட்டிலில் இருந்து, "எனத்த சத்தம்? எனக்கு ஒண்டும் வெளங்கல்லயே" என்றா. சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் வட்டிலாப்பக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டா. நான் மாமியிடம் கேட்டேன், மேலே என்ன அழுகிறது என்று. மாமி என் தலையைத் தடவி, "ஒண்டும் அழேல்லை பிள்ளை. போய்ப் படி" என்றார்.

இதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது. பெரியவர்கள் மூன்று பேருக்கும் கேட்கவில்லை. அம்மாவுக்கும் எனக்கும்தான் கேட்கிறது. அப்படியென்றால் அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்திருக்கிறது. நான் காதுக்குள் சின்னவிரலை விட்டுக் குடைந்து பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக் கேட்டேன். அங்கும் கேட்டது. பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடக்கும்போதும் கேட்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில், மூக்குத்திப் பூண்டில் இருந்து முள்முருங்கை வரை எதையாவது பார்த்து எண்ணிக்கொண்டு நடந்தேன், அப்போதும் போகவில்லை.

அன்று பொழுதுபட, தாய் திரும்பி வந்தது. கொப்பை வெட்டியதால் முதல் இரவு ஏற வழியில்லாமல் போயிருக்கும், அன்று எப்படியோ கூரைக்கு ஏறிவிட்டது. தகரத்தை விறாண்டுகிற சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார், ஒரு பக்கமும் புரட்டவில்லை. மாமி செபமாலையை உரத்துச் சொன்னார். அம்மா மட்டும் கண்ணைத் திறந்தபடி கிடந்தா. மேலே விறாண்ட விறாண்ட, அவவின் விரல்கள் கட்டில் விரிப்பை விறாண்டின.

அதற்குப் பிறகு அம்மா கேட்பதை நிறுத்திவிட்டா. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாள் காலமை நான் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிக்கொண்டு போக அறைக்குள் போனபோது, பிஸ்கட் தகரம் கட்டிலில் திறந்து கிடந்தது. அம்மா எப்போது எழும்பி எடுத்தா என்று தெரியாது. இரண்டு சின்னச் சட்டைகளையும் நெஞ்சில் வைத்து, சீலிங்கைப் பார்த்து, "ஓராம் ஓராம்" என்று மெல்லத் தாலாட்டிக்கொண்டிருந்தா. நான் பள்ளிக்கூடம் போகவில்லை. விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஒருத்தரும் போ என்று சொல்லவுமில்லை.

டொக்டர் வந்தார். அம்மாவின் நாடி பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், அம்மாவுக்கு முன்னாலேயே, நேராகக் கேட்டார்.

"உண்மையா மேலே ஏதும் சத்தம் இருக்கா? எலி, பூனை ஏதும்?"

அந்த நேரம் பார்த்து மேலே ஒரு சத்தமும் இல்லை. அப்பா என்ன செய்திருக்க வேண்டும்? பொய்ச்சாட்சி சொன்னவர்களைப் பற்றி வீட்டில் வந்து கிழிகிழி என்று கிழிக்கிற மனுஷன், தலையைக் குனிந்துகொண்டு, "இல்லை டொக்டர், மேலை ஒண்டுமில்லை" என்றார். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போனது. டொக்டரைப் பிழை சொல்ல ஏலாது, சாட்சி அப்படி. விறாந்தைக்கு வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இழந்த பிள்ளைகள் அழுகிறதெண்டு நினைக்கிறா. சாப்பிடாமல் இப்படியே இருந்தால் வயித்துப் பிள்ளையும் தாங்காது. நாளைக்கும் மாறாட்டி அங்கொடையிலை காட்டத்தான் வேணும். தயாரா இருங்கோ."

அங்கொடை என்றால் பைத்திய ஆஸ்பத்திரி என்று கொழும்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லையே. பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால் முதலில் வாயில் வருகிற வசை, "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்." போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்றுதான் நாங்கள் நம்பினோம்.

அப்பா அன்று கோட்டுக்குப் போகவில்லை. மாமி அறைக்குள் போய் அம்மாவின் உடுப்புகளை ஒரு பைக்குள் மடித்து வைக்கத் தொடங்கினார். மடிக்கிறபோதே அவருக்குக் கண்ணீர் ஓடியது, துடைத்துத் துடைத்து மடித்தார். மத்தியானம் அளவில் மேலே மறுபடி தொடங்கியது. முந்திய நாள் போல உரத்து இல்லை. நைந்து, இடைவெளி விட்டு விட்டு.

அம்மா முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தா. இதுவரைக்கும் என்னிடம் அவ கேட்டதில்லை.

"மகள், உனக்குக் கேக்குதோ?"

மாமியின் கை பைக்குள் நின்றது. அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருவரும் என் வாயையே பார்த்தார்கள். நான் வீரத்தில் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அம்மாவைத் தனியே அனுப்பிவிட்டு நான் இந்த வீட்டில் என்ன செய்வேன் என்பதுதான் என் கணக்கு. கேட்கிறவர்கள் எல்லாம் போக வேண்டிய இடம் அது என்றால், நானும் போக வேண்டியவள்தானே.

"ஓம் அம்மா, எனக்கும் கேக்குது. நேற்றுத் தொடக்கம் கேக்குது" என்றேன். பிறகு அப்பாவைப் பார்த்து, "என்னையும் அம்மாவோட அங்கொடைக்கு அனுப்புங்கோ" என்றேன்.

அப்பா நிலத்தில் இருந்துவிட்டார். கதிரை இழுத்து இருக்கவில்லை, வாசல்படியில் அப்படியே சரிந்து இருந்தார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அப்பா அழுது நான் கண்டது அன்றைக்குத்தான்.

"ஒருத்தரும் அங்கொடைக்குப் போகேல்லை. கேக்குது. எனக்கும் கேக்குது. எல்லாருக்கும் கேக்குது. மரநாய்க் குட்டியள். நான்தான் தெரியாமல் உள்ளுக்கு வைச்சு அடைச்சுப்போட்டன்."

அம்மா நீண்ட ஒரு மூச்சு விட்டா. அவ அவரை ஏசுவா, நெஞ்சில் அடித்து அழுவா என்று மாமி ஓடிவந்து பிடித்தார். அம்மா மாமியின் கையை மெல்ல விலக்கினா. இரண்டு நாளைக்குப் பிறகு அவவின் முகத்தில் ஆள் இருந்த மாதிரி இருந்தது.

"அப்ப ஏன் இருக்கிறியள்? ஏணியைக் கொண்டாங்கோ."

கட்டிலை மூலைக்குத் தள்ளினோம், அம்மா அதிலேயே இருந்தா. அப்பா ஏணியை அறைக்குள் வைத்து, அந்த மஞ்சள் ஈரம் ஊறிய பலகையையே நெம்பிக் கழற்றினார். ஆணி, குறி, கட்டுப்பாடு எதையும் மாமி பேசவில்லை, ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூசியும் ஜம்பு விதையும் பழைய இலையும் கொட்டின. ரம்பை மணம் அறையை நிறைத்தது. அப்பா தலையையும் ஒரு கையையும் உள்ளே விட்டார். நெடுநேரம் வெறும் கால்கள்தான் எங்களுக்குத் தெரிந்தன. மேலே சத்தம் நின்றுவிட்டது. நான் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அது நனைந்துபோய் இருந்தது.

முதலில் ஒன்றைக் கொண்டு வந்தார். எலியைவிடக் கொஞ்சம் பெரிது, கண் திறந்திருந்தது, வாயைத் திறந்து திறந்து மூடியது. மாமி அதைத் தன் முந்தானையில் வாங்கினார். அப்பா மறுபடி ஏறினார். இரண்டாவது தரம் இறங்கியபோது கையைச் சேட்டுக்குள் வைத்திருந்தார். எங்களைப் பார்க்காமல் பின்வளவுப் பக்கம் நடந்தார்.

"நில்லுங்கோ. உயிரோ?" என்று அம்மா கேட்டா.

அப்பா திரும்பினார். என்னை ஒருதரம் பார்த்தார். அவர் மேலை வேறை ஒண்டுமில்லை என்று சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அந்த வயதிலும் எனக்குத் தெரிந்தது.

"இல்லை" என்றார் அப்பா. "இது போயிட்டுது."

அம்மா இரண்டு கையையும் நீட்டினா.

"இதையாவது எனக்குக் காட்டுங்கோ."

அந்த "இதையாவது" அப்பாவைக் குத்திய குத்து எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அவர் கொண்டுவந்து அம்மாவின் கையில் வைத்தார். அம்மா பயப்படவில்லை, மயங்கவில்லை, மனம் உடையவில்லை. இத்தனை வருஷம் எல்லோரும் காத்துக்கொண்டிருந்த அந்த ஒன்றும் நடக்கவில்லை. அதன் சின்னக் காதைத் தடவினா, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தா. பிறகு தகரத்தில் இருந்த சட்டைகளில் ஒன்றை எடுத்து அதில் சுற்றினா. அப்பா ஜம்பு மரத்தடியில் கிடங்கு வெட்டிப் புதைத்தார். ஜன்னலை முழுக்கத் திறந்து, கட்டிலில் இருந்தபடியே அம்மா பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு பசிக்குது என்றா. மாமி ஓடிப்போய்ச் சோறு குழைத்துக் கொண்டு வந்தார்.

உயிரோடு இருந்ததைப் பழைய துணியில் வைத்து, கூரையில் அடைத்த இடத்து ஓடுகளைக் கழற்றி, அதன் பக்கத்திலேயே விட்டுவிட்டு அப்பா இறங்கினார். பொழுதுபட நாங்கள் விளக்கைப் போடாமல் ஜன்னலடியில் இருந்தோம். தாய் வருமா, மனிதக் கை பட்ட குட்டியை ஏற்குமா என்று அந்த அரை மணித்தியாலம் வீட்டில் ஒருத்தரும் மூச்சுக் காட்டவில்லை. வந்தது. குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு, நானா வீட்டு மதிலால் நடந்து போனது. சட்டை சுற்றிப் புதைத்த இடத்துக்குக் கிட்டக் கொஞ்சம் நின்ற மாதிரி எனக்குத் தோன்றியது. அது என் மனம்தான், விடுங்கள்.

தம்பி நல்லபடி பிறந்தான். இப்போது அவனுக்கே பேரப்பிள்ளைகள். தகரத்தில் மிஞ்சிய சட்டையை அவனுக்குத்தான் போட்டோம். நீலக் கரை வைத்தது. அது எங்கே போனதென்று தெரியாது, வீடு மாறி மாறி எத்தனை சாமான் போச்சு.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. கூரையில் எந்தச் சத்தம் கேட்டாலும், பேப்பரில் இருந்து தலை எடுக்காமலே அம்மாவுக்கு அறிவிப்பார். "எலி." "ஜம்புக்காய்." "நானா வீட்டுப் பூனை." தெரியாவிட்டால், "என்னெண்டு தெரியேல்லை, பாத்துச் சொல்லுறன்" என்று எழும்புவார். அம்மா "ம்" என்பா. எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். வெள்ளவத்தைக்கு வீடு மாறி, மேலே கொங்கிறீற் வந்த பிறகும் அந்த அறிவித்தல் நிற்கவில்லை.

தம்பி பிறந்த வருஷம் ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. அப்பா கேட்கவில்லை, மாமியும் கேட்கவில்லை, அம்மா தானே சேலை உடுத்திக்கொண்டு வந்து வாசலில் நின்றா. கையில் இரண்டு மெழுகுதிரி. தம்பியை ராத்தாவிடம் கொடுத்துவிட்டு நாலு பேருமாக மாதம்பிட்டிக்குப் போனோம். சேமக்காலை முழுக்கச் சனம், வெளிச்சம், சாம்பிராணிப் புகை. அப்பா முன்னால் நடந்தார். பின்மதிலோரம், பச்சைப்பிள்ளைகளுக்கென்று விட்டிருந்த துண்டு நிலத்துக்கு வந்ததும் நின்றார். சின்னச் சின்ன மண்மேடுகள் நீண்டு கிடந்தன. அரைவாசிக்கு மேல் சிலுவையும் இல்லை, பேரும் இல்லை.

அம்மா அவருடைய முகத்தைப் பார்த்தா. ஏதாவது இரண்டைக் காட்டியிருக்கலாம் அவர். யாருக்குத் தெரியப்போகிறது? மாமி பின்னால் நின்று அவருடைய முழங்கையை இடித்ததையும் நான் கண்டேன்.

"இந்த வரிசையிலைதான் வைச்சது. எது எங்கடை எண்டு எனக்குத் தெரியாது" என்றார் அப்பா.

அம்மா வரிசையை அந்தம் வரைக்கும் பார்த்தா. பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து என் கையில் காசு வைத்தா.

"ஓடிப்போய் வாசலிலை மெழுகுதிரி வாங்கிக்கொண்டு வா மகள். வரிசை முழுக்கக் கொளுத்த வேணும்."